அலசாத துண்டு

அன்று காலை அக்காவின் கையிலிருந்து விரிப்பு நழுவியது.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தச் சலவைக்கூடத்தில் அது நடந்ததே இல்லை. இரட்டைக் கட்டில் விரிப்பு, பாதி ஈரம். ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் அங்கே வேலை பார்க்கும் நெட்டை. எதிரெதிரே நின்று இழுத்து, ஓர் உதறு உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிக்க வேண்டும். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே செய்வார்கள். நடுவில் ஊர்க்கதை வேறு ஓடும். நெட்டை உதறினாள். அந்தப் பக்கம் பிடிப்பே இல்லை. விரிப்பு முழுசாகப் பறந்து வந்து நெட்டையின் தலையை மூடியது.

"என்னக்கா, முக்காடு போட்டு என்னை யாருக்குக் கட்டிவைக்கப் போறீங்க?"

இயந்திரங்களின் இரைச்சலை மீறிச் சிரிப்பு கிளம்பியது. அக்கா சிரிக்கவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

இஸ்திரி மேசையில் நின்றிருந்த அவள் கணவர் இதைப் பார்த்தார். தெருவே அவரை மடிப்பு என்றுதான் கூப்பிடும். சட்டைக் கையில் கத்தி மாதிரி ஒரு கோடு, கைக்குட்டையில் ஒரு கோடு. பேப்பர் படித்து முடித்தால் கடையில் திரும்ப விற்கலாம் போல மடித்து வைப்பார். தூங்கி எழுந்தால்கூட அவர் சட்டை கசங்காது என்று நெட்டை சத்தியம் செய்வாள். உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் அடிக்க வருவாள்.

மனைவிக்கு அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. சலவைக்கூடம் அவள் அப்பா விட்டுப்போனது, முதலாளி அவள்தான். மடிப்பு கல்யாணமாகி வந்து சேர்ந்தவர். ஒருமுறை கடை நேரத்தில் வாய் தவறி அவரே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் தலை நிமிராமல் திரிந்தார்.

பின்பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. மடிப்பு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். கல்தொட்டியில் அக்கா ஒரு துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் உமட்டுச்சு. வாந்தி."

"என்ன வந்துச்சு?"

"தங்கமா வரும்? தண்ணிதான்."

துண்டைப் பிழிந்து, பளீரென்று ஓர் உதறு உதறிக் கொடியில் போட்டாள். கறை காய்வதற்குள் தண்ணீரில் போட்டுவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் முதல் சட்டம். டீ சிந்தினாலும் சரி, விரலில் ரத்தம் வந்தாலும் சரி, அடுத்த நிமிஷம் அது அலசப்பட்டிருக்கும். மடிப்பு அந்தத் துண்டை ஒரு முறை பார்த்தார். வெள்ளை வெளேரென்று தொங்கியது. அவருக்கு மனசு லேசாயிற்று.

முதல் தப்பு அங்கேதான் நடந்தது.

*

வானம் பானைக்கு மூடி போட்ட மாதிரி கவிந்து கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. உள்ளே பாய்லர் சூடு, வெளியே புழுக்கம். கல்யாண சீசன். பெரிய ஹோட்டலிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்பு, தலையணை உறை, மேசைத் துணி. இது போதாதென்று ஆஸ்பத்திரியின் நீலப் பைகள் தனியாக ஒரு பக்கம். அவற்றுக்குத் தனி இயந்திரம், தனித் தொட்டி. அவற்றை அக்காவைத் தவிர யாரும் தொட மாட்டார்கள்.

மதியத்துக்குள் அக்கா பழையபடி ஆகிவிட்டாள். டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். நெட்டையை இரண்டு திட்டு திட்டினாள். காலையில் நின்ற வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள்.

"வலி எங்க இருந்துச்சு?" என்று மடிப்பு விசாரித்தார்.

"இங்க." தொப்புளுக்கு மேலே காட்டினாள். "அப்புறம் இப்படி வந்துச்சு. இப்ப இல்ல."

"வலியா அது, வீட்டு புரோக்கரா? இடம் இடமா சுத்துது?"

"சுத்திட்டுப் போயிடுச்சுல்ல? உங்களுக்கு வேலை இல்லையா?"

டீ நேரத்தில் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவள் மூட்டைமேல் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முறுக்கிப் பிடிக்கும், விடும். முறுக்கிப் பிடிக்கும், விடும். மடிப்பு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். ஒரு சட்டையை இஸ்திரி போட்டு, அதையே மறுபடி எடுத்து இஸ்திரி போட்டார்.

"மாமா, அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் நெட்டை. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

தெருமுனை டாக்டர் நிதானமானவர். படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வாந்தி என்ன நிறத்துல இருந்துச்சு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மடிப்பு முந்திக்கொண்டார். "தண்ணிதான் டாக்டர். நானே பாத்தேன். துண்டு சுத்தமா இருந்துச்சு."

"மஞ்சள், பச்சை, எதுவும்?"

"எதுவும் இல்ல."

அக்கா கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வெளிக்குப் போனீங்களா?"

"ரெண்டு நாளா சரியா இல்ல. சீசன்ல எங்க நேரம்?" என்றாள் அக்கா, ஏதோ வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டிய காரியம் போல.

"பழைய நோய் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பொய் இல்லை. அப்படித்தான் நம்பினார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சீசன் முடியட்டும் என்றாள் அக்கா. ஒரு சீசன் முடிந்தால் அடுத்த சீசன். வயிறு நிறையச் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே கொக்கி போட்டு இழுக்கும். ஒரு மாத்திரை, கொஞ்சம் சோடா, அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன் வலியும் குளிர்காய்ச்சலுமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எழுந்தபோது, அதிசயம், அந்த வலி போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. "கல்லு கரைஞ்சிடுச்சு" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். மேல்முறையீடு செய்ய வீட்டில் ஆள் இல்லை. அலசிப் பிழிந்து காயப்போட்ட விஷயத்தை டாக்டரிடம் எதற்குப் பிரிக்க வேண்டும்?

"வயிறு கொஞ்சம் உப்பியிருக்கு" என்றார் டாக்டர். "இப்போதைக்கு ஊசி போடறேன். நாளைக்கும் இப்படியே இருந்தா ஸ்கேன் எடுத்தே ஆகணும். தள்ளிப் போடாதீங்க."

ஊசி போட்டதும் வலி விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா அவரைவிட வேகமாக நடந்தாள்.

*

மறுநாள் சலவைக்கூடத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது.

சோப்பும் கொதிநீரும் சூடான துணியும் கலந்த வாசனைதான் அங்கே எப்போதும். மடிப்புக்கு அதுதான் காற்று. அதற்கு நடுவில் இது புகுந்து நெளிந்தது. சாக்கடை நாற்றம்.

"நெட்டை! பின்பக்க சாக்கடை ஜல்லடையை எப்ப கழுவுன?"

"முந்தாநாள் கழுவுனேன் மாமா."

"கழுவுன லட்சணம் மூக்கைத் துளைக்குது."

"என் மூக்கு உங்களைவிட உசரத்துல இருக்கு. எனக்கு ஒண்ணும் வரல."

மடிப்பு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரும்பு ஜல்லடையைத் தூக்கினார். கம்பியை விட்டுக் குத்தினார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போயிற்று. ஒரு நூல் அடைப்பு இல்லை. அவர் முட்டியில் சேறு. சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியது. நெட்டை வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்கடை சுத்தமாக இருந்தது. நாற்றம் மட்டும் போகவில்லை.

அவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இயந்திரங்களைத் தாண்டி, மூட்டைகளைத் தாண்டி, நீலப் பைகளைத் தாண்டி. கடைசிக் கல்தொட்டிக்குப் பின்னால் அக்கா குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. சேலைக் கொசுவம் தளர்ந்து, வயிறு மேளம் மாதிரி விம்மியிருந்தது. ஒரு கையில் துண்டு. இன்னொரு கை பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தது.

"நிறுத்து."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீங்க ஏன் இங்க வந்தீங்க? போங்க அந்தப் பக்கம்."

"துண்டைக் குடு."

"அசிங்கம். விடுங்க."

"குடுன்னா குடு!"

அவர் ஒரு முனையைப் பிடித்தார். அவள் மறுமுனையை விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே துணியை இழுத்துப் பிடித்து நின்றது எத்தனையோ தடவை. சண்டைக்காக நின்றது இதுதான் முதல் தடவை.

"கறை காஞ்சா போகாதுங்க..."

"காயட்டும்."

அந்த ஒரு வார்த்தையில் அக்கா அரண்டுபோனாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. பிடி தளர்ந்தது.

மடிப்பு துண்டை விரித்தார். பழுப்பு. நாளெல்லாம் கொதித்த டீச்சட்டியின் அடிவண்டல் மாதிரி. நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. கீழே போக வேண்டியது மேலே வந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

"எப்போலேர்ந்து இப்படி?"

"காலைலேர்ந்து."

"நேத்து?"

அக்கா தொட்டியின் விளிம்பை விரலால் தேய்த்தாள். "நேத்து முதல்ல பச்சை. அப்புறம் மஞ்சள்."

"தண்ணின்னு சொன்னியேடி! நானும் அந்த டாக்டர்கிட்ட பெரிய சாட்சி மாதிரி... ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? துணிதான் சுத்தமாயிடுச்சுல்ல."

மடிப்பு அவளையே பார்த்தார். பிறகு துண்டைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

"நெட்டை! வண்டியை எடு!"

*

டெலிவரி வேனின் பின்பக்கம் விரிப்பு மூட்டைகளின் மேல் அக்காவைப் படுக்க வைத்தார்கள். நெட்டை கூரையில் தலை இடிக்க இடிக்க ஓட்டினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அக்கா "ஐயோ" என்றாள். அடுத்த மூச்சில், "மூட்டை அழுக்காயிடப் போகுது, பாத்து" என்றாள்.

மகள் பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். போன் போனதும், சீருடையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றாள்.

"நேத்தே ஏன்பா சொல்லல?"

"நேத்து சரியாயிடுச்சும்மா."

"சரியாயிடுச்சா? அம்மா வயித்தைப் பாத்தீங்களா? உங்க சட்டையைப் பாத்தீங்களா?"

மடிப்பு குனிந்து பார்த்தார். சேறும் ஈரமுமாகக் கசங்கிக் கிடந்தது சட்டை. அது யாருடைய சட்டையோ என்பது போல இருந்தது.

சர்ஜன் ஒரு பெண்மணி. குட்டையான உருவம், வேகமான கை. மடிப்பு பையை இரண்டு கையாலும் நீட்டினார். அழுக்கான ஒரு துணியை இன்னொருவர் கையில் அவர் கொடுப்பது வாழ்க்கையிலேயே முதல் தடவை.

"என்ன இது?"

"வாந்திங்க. அலசல."

சர்ஜன் பையைத் திறந்து, ஒரு முறை முகர்ந்து, கட்டினார். "தூக்கிட்டு வந்தது நல்லதுதான். ஆனா அவங்க வயித்தைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. குடல் அடைச்சிருக்கு. இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன்?"

"இல்லைங்க." இந்தத் தடவை மடிப்பு எதையும் அலசி மறைப்பதாக இல்லை. "பித்தப்பையில கல்லு இருந்துச்சு. சில மாசம் முன்னாடி காய்ச்சல், பெரிய வலி. அதுக்கப்புறம் கரைஞ்சிடுச்சு."

சர்ஜனின் கை நின்றது. "கரைஞ்சிடுச்சுன்னு யார் சொன்னா?"

"அவதான்."

"அவங்க டாக்டரா?"

"முதலாளி."

சர்ஜன் சிரிக்கவில்லை. "உடனே ஸ்கேன்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு வயிறு வரைக்கும் இறக்கினார்கள். குழாயின் மறுமுனையில் இருந்த பையில் அந்தப் பழுப்புத் தண்ணீர் மளமளவென்று நிறைந்தது. கையில் டிரிப் ஏறியது. அக்காவின் வயிறு கொஞ்சம் வற்றியது. ஸ்கேனுக்குப் போய் வந்தபோது முகத்தில் களை திரும்பியிருந்தது.

சர்ஜன் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

"கரையலம்மா. இடம் மாறியிருக்கு. பித்தப்பையும் குடலும் பக்கத்து பக்கத்து வீடு. பெரிய கல்லு. அழுத்தி அழுத்தி நடுச்சுவரைத் துளைச்சிடுச்சு. உங்களுக்குக் காய்ச்சல் வந்தது அப்பதான் இருக்கணும். அந்த ஓட்டை வழியா கல்லு குடலுக்குள்ள இறங்கி நடக்க ஆரம்பிச்சிருக்கு. மாட்டுனா வலிக்கும், வாந்தி வரும். நகர்ந்தா சரியான மாதிரி இருக்கும். நேத்தெல்லாம் அப்படித்தான் போக்கு காட்டியிருக்கு."

"இப்ப எங்க இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"சிறுகுடல் முடியற இடத்துல. அங்க வழி குறுகல். இனிமே அதுவா நகராது. பித்தக் குழாய்ல காத்து தெரியுது, அது காத்து இருக்கக் கூடாத இடம். அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். அபூர்வமா வர்றது இது. ஆபரேஷன் பண்ணி எடுத்தாகணும். இன்னைக்கே."

அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள். மூக்குக் குழாய் ஆடியது. "இப்ப வலியே இல்லையே டாக்டரம்மா. வயிறு லேசாயிடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்."

"குழாய் இழுக்கறதால லேசா இருக்கு. அடைப்பு அப்படியேதான் இருக்கு. விட்டா குடல் அழுகிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது." சர்ஜன் மடிப்பைப் பார்த்தார். "பேசுங்க. தியேட்டர் ரெடி பண்ணிட்டு வர்றேன். அதுக்குள்ள பதில் வேணும்."

பேச்சு மகளிடமிருந்து தொடங்கியது. கெஞ்சினாள், அதட்டினாள், அழுதாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நெட்டை வாசலில் நின்று, "அக்கா, ஹோட்டல் மூட்டை எல்லாத்தையும் நான் முடிக்கறேன், சத்தியமா" என்றாள். அதற்கும் தலையாட்டல்தான். மடிப்பு கட்டிலின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஜன்னல், கதவு என்று நடந்துகொண்டே இருந்தார்.

"ஒரு இடத்துல நில்லுங்க" என்றாள் அக்கா. "தலை சுத்துது."

நின்றார்.

அக்கா தான் படுத்திருந்த விரிப்பின் மூலையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு நூலில் ஒரு சின்னக் குறுக்குத் தையல். அவர்கள் சலவைக்கூடத்தின் அடையாளம்.

"நம்ம விரிப்பு."

"அதனால என்ன?"

"நீலப் பையை நீங்க யாரும் பிரிச்சதில்ல. நான்தான் பிரிக்கறேன். ஆபரேஷன் விரிப்பு எப்படி வரும்னு எனக்குத்தான் தெரியும். ஊறிப்போய், கல்லு மாதிரி கனக்கும். தண்ணி தெளியறதுக்குள்ள கை மரத்துப்போகும்." அவள் குரல் தாழ்ந்தது. "இத்தனை வருஷமா துவைக்கறேன். அதுல படுத்திருந்த ஒரு ஆளாவது வந்து, அக்கா, நான்தான் அது, நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காங்களா? விரிப்பு மட்டும்தாங்க வருது. ஆளு வர்றதில்ல."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். யாருக்கும் இது தெரியாது. தனித் தொட்டிக்கு முன்னால் தனியாகக் குந்தியிருந்த அந்த நேரங்களில் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

மடிப்பு ஆறுதலாக ஏதாவது சொல்லப் பார்த்தார். எல்லாரும் பிழைச்சு வீட்டுக்குப் போயிருப்பாங்க என்று சொல்லலாம். அது உண்மையா என்று அவருக்கே தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியல" என்றார். "ஆனா நான் இஸ்திரி போடறவன். வெள்ளையா வர்றதைத்தான் தொட்டிருக்கேன். எனக்குக் கறை எடுக்கத் தெரியாது. நாளைக்கு நீலப் பையில உன்னோட விரிப்பு வந்து இறங்குனா, நீ இல்லைன்னா, அதை நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா அந்தச் சிவப்புத் தையலை விரலால் தடவினாள்.

"சொல்லு. என்ன பண்ணுவேன்?"

"பச்சைத்தண்ணியில போடணும்" என்றாள் அக்கா, தன்னை அறியாமல். "சுடுதண்ணி பட்டா பிடிச்சுக்கும்."

"எனக்குச் சொல்லிக் குடுக்காத. நான் கத்துக்க மாட்டேன்." விரிப்பின் மூலையை அவள் கைக்குள் வைத்து மூடினார். "நீயே வந்து துவை."

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்க அக்கா கை போனது. வழியிலேயே நின்றது.

"கூப்பிடுங்க அந்த அம்மாவை" என்றாள்.

*

கல்லை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். எலுமிச்சங்காய் அளவு, பழுப்பு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பு. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடிப்பு உற்றுப் பார்த்தார். இதைச் சுமந்துகொண்டா இவள் ஈர மூட்டையும் சுமந்தாள் என்று நினைத்துக்கொண்டார்.

"குடலைத் திறந்து கல்லை மட்டும் எடுத்திருக்கேன்" என்றார் சர்ஜன். "பித்தப்பையை இப்ப தொடல. அந்த உடம்புக்கு இதுக்கு மேல தாங்காது. அதைப் பின்னாடி பாத்துக்கலாம். ஆனா இன்னும் தாண்டல. கை பட்ட குடல் தூங்கிடும். அது முழிக்கணும்."

"முழிச்சா எப்படித் தெரியும்?"

"காத்து பிரியும்."

மடிப்புக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். சர்ஜன் சிரிக்காமல் நின்றார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பம் முழுவதும் ஒரே ஒரு காற்றுக்காகக் காத்திருந்தது. காலையில் நர்ஸ் கேட்டாள், "பிரிஞ்சுதா?" மதியம் சர்ஜன் கேட்டார். சலவைக்கூடத்திலிருந்து நெட்டை போன் போட்டு, விரிப்புக் கணக்கைக்கூடச் சொல்லாமல், "மாமா, ஆச்சா?" என்றாள். பின்னணியில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் காது கொடுப்பது தெரிந்தது. அக்கா வெட்கத்தில் செத்துப்போனாள். அவள் வளர்ந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாலே அடி விழும்.

"இதென்னங்க மானக்கேடு? வர்றவன் போறவன் எல்லாம் கேக்கறான்."

"டிக்கெட் கவுன்டர்ல என் கூட வேலை பாக்கறவங்களும் கேக்கறாங்கம்மா" என்றாள் மகள். "தினம் பதில் சொல்ல வேண்டியிருக்கு."

"நீ அங்கயும் போய்ச் சொன்னியா!"

ஆனால் காற்று வரவில்லை. சர்ஜன் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எடுத்தார். வயிறு மறுபடி லேசாக விம்மத் தொடங்கியது. மகள் அம்மாவைப் பிடித்து வார்டுக்குள் நடக்க வைத்தாள். டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, அக்கா கட்டில் கட்டிலாக நடந்தாள். எதிர்க்கட்டில் கிழவி ஒவ்வொரு சுற்றுக்கும், "இன்னும் இல்லையா?" என்று கேட்டு, நாக்கால் ஒரு 'த்சு' கொட்டினாள்.

அன்று சாயங்காலம் சர்ஜன் மடிப்பைத் தனியே அழைத்தார். "நாளைக்கும் இப்படியே இருந்தா மறுபடி ஸ்கேன். வேற ஒரு கல்லு இறங்கியிருக்கலாம். இல்ல, தைச்ச இடத்துல ஏதாவது இருக்கலாம். அப்படின்னா திரும்பவும் திறக்க வேண்டி வரும். தயாரா இருங்க."

எப்படித் தயாராக இருப்பது என்று அவர் சொல்லவில்லை. மடிப்பு கட்டிலுக்குத் திரும்பி வந்து, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மறுநாள் காலை. வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மடிப்பு ஜன்னலில் நின்று, எதையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

திரும்பினார். அக்கா விரலை அசைத்து அருகில் அழைத்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஓடி வந்தார்.

"வலிக்குதா? குமட்டுதா?"

"கிட்ட வாங்க." குனிந்தார். காதில் கிசுகிசுத்தாள். "ஆச்சு."

"என்ன ஆச்சு?"

"ஆச்சுங்கறேன்ல!"

"ஐயோ, என்னடி ஆச்சு? நர்ஸைக் கூப்பிடவா?"

"சத்தம் போடாதீங்க... அதாங்க. அது."

மடிப்புக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. புரிந்ததும் அந்த மனுஷன், வாழ்நாளில் குரல் உயர்த்திப் பேசாத மனுஷன், வார்டின் நடுவில் ஓடி நின்று, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"டாக்டரம்மா! என் பொண்டாட்டிக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு!"

பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தை நிறுத்தினாள். எதிர்க்கட்டில் கிழவி கைதட்டினாள். அதைப் பார்த்து அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில். அக்கா போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து, "இந்த மனுஷனுக்கு வெக்கம் மானம் ஏதாவது இருக்கா? ஊரைக் கூட்டறீங்களே, போய்த் தொலைங்க" என்று திட்டு வந்துகொண்டே இருந்தது.

சர்ஜன் வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் உதடு ஓரத்தில் கோணியது.

"நல்லாப் பேசுது. கல்யாண வீடு மாதிரி இருக்கு உள்ள." மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். "கொஞ்சம் தண்ணி குடுங்க. கரண்டியில. ஒரே ஒரு வாய். பொறுத்து, உள்ள நின்னா மட்டும் அடுத்தது."

மடிப்பு டம்ளரையும் கரண்டியையும் கொண்டுவந்தார். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது. மீதியை அவள் வாயில் விட்டார். அக்கா விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது.

இருவரும் அசையாமல் ஒருவரை ஒருவர் பார்த்தபடி காத்திருந்தார்கள். வார்டே காத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம். இன்னும் ஒரு நிமிஷம். எதுவும் திரும்பி வரவில்லை.

"என்ன என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் அக்கா. "ஊத்துங்க இன்னொரு கரண்டி."